பீட் நிலம்: குழாய் வைத்தீர்களா? (கேள்வி-பதில்)

பீட் என்பது சதுப்பில் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த செடிகொடி மண். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது காய்ந்து கரியமில வாயுவை வெளிவிடும். அதனால்தான் கால்வாயை அடைத்து மறுபடி நனைக்கிறார்கள்.

பீட் நிலத்தில் மறுபடி தண்ணீர் தேங்கவிட்டால் மீத்தேன் கூடுமே. அப்புறம் என்ன லாபம்?
– தொடக்கக் கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

கூடும்தான். ஆனால் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றில் சிதைந்துவிடும். காய்ந்த பீட் வெளிவிடும் கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். கணக்குப் போட்டால் நனைப்பதே மேல்.

சிங்கப்பூரின் ‘நீ சூன்’ சதுப்பில் பீட் ஆய்வு செய்யலாமா? வீட்டுக்குப் பக்கம்.

அது நன்னீர்ச் சதுப்புக் காடு. ஆழமான பீட் வேண்டுமென்றால் சுமத்ரா, கலிமந்தான், சரவாக் பக்கம் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.

கறிவேப்பிலைத் தொட்டிக்கு கோகோ பீட் போடுகிறேன். நானும் குற்றவாளியா?

இல்லை, அது தேங்காய் நார்த்தூள். மூட்டையில் ‘பீட் மாஸ்’ என்று இருந்தால் யோசியுங்கள், அது நிஜ பீட் நிலத்தில் தோண்டியது.

மத்திய கலிமந்தானில் போன வருடம் கால்வாய்களை அடைத்திருக்கிறார்கள். ஜூலையில் இரண்டு வாரம் போய், எத்தனை டன் வாயு மிச்சமானது என்று கணக்கிட வேண்டும். எப்படி?
– இறுதியாண்டு மாணவர்

முடியாது, தம்பி. அடைப்பதற்கு முன் நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இருந்தது? நீண்ட கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எத்தனை முறை சொல்வது? முதலில் நீர்மட்டம். கொஞ்ச நாளுக்கு முன் பீட் நில மீட்பு அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. தடுப்பணைப் படம், நாற்றுப் படம், எல்லாம் வண்ணத்தில். நீர்மட்டக் குறிப்போ மூன்றே நாளுக்கு. நாற்றை எண்ணினால் நாற்றுக் கணக்குத்தான் வரும். நீர்மட்டம் 10 செ.மீ. இறங்கினால் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 9 டன் கரியமில வாயு கூடுதலாக வெளியேறும் என்பது தோட்ட நிலங்களில் கண்ட தோராயம். அதையும் ஜூலை மாத வறட்சியில் அளந்துவிட்டு வருடம் முழுக்கப் பெருக்கக் கூடாது.

இப்போது செய்யக்கூடியது இதுதான்: அதே ஊரில் இன்னும் அடைக்காத கால்வாய் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு இடத்திலும் நீர்மட்டம் பார்க்கும் துளைக் குழாய் வைத்து, ஒரு வருடம் அளவெடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். வாயு அளக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு நில்லுங்கள். பூட்ஸ் கால் அழுந்தினாலே குமிழி கிளம்பி மீத்தேன் அளவு எகிறிவிடும். நானே ஒரு நாள் முழுவதும் என் கால் எடையை அளந்திருக்கிறேன்.

கால்வாயை அடைத்துவிட்டால் 2015இல் இந்தோனேசியத் தீயால் வந்தது போன்ற புகைமூட்டம் வராதா?

குறையும். மழை பொய்க்கும் எல் நினோ வருடத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. காய்ந்த பீட்டில் மேலே தீ அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகையும்.

நீர்மட்டக் குழாய் எங்கே வாங்கலாம்?

எந்த ஹார்டுவேர் கடையிலும். பிவிசி போதும், துளை நீங்களே போடுங்கள். தண்ணீர் வடித்த பீட் வருடத்துக்கு 5 செ.மீ. வரை தாழும், அதனால் குழாயின் அடி கீழே உள்ள களிமண்ணில் ஊன்ற வேண்டும். 3 மீட்டர் பீட்டுக்கு 2 மீட்டர் குழாயோடு படகேறியவரை எனக்குத் தெரியும். ஆழம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.