விற்பவர் வாய் திறக்காத குறைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். சென்னையில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் 2013 மாடல் பிஎம்டபிள்யூ 520டி டீசல் கார் பார்த்து வைத்திருக்கிறேன். டெல்லி பதிவு, மீட்டரில் 62,000 கிலோமீட்டர், விலை 11 லட்சம். "ஒரே ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி" என்கிறார். இந்த வண்டியை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கிய பிறகு பெரிய கோளாறு தெரியவந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? ஆடிட்டர் கம்பெனி பெயரில் வாங்கச் சொல்கிறார், அது சரியா?

பதில்: பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கிடைக்குமா என்பது, வாங்குவதற்கு முன்னால் நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன எழுதித் தந்தார் என்பதைப் பொறுத்தது. "டாக்டர் ஓட்டிய வண்டி" எல்லாம் கணக்கில் வராது. அந்த டாக்டர் இல்லாத பழைய கார் வியாபாரமே தமிழ்நாட்டில் கிடையாது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு மோசடி எது என்று சொல்கிறது. அதில் ஒரு குதிரை உதாரணம் வரும். குதிரைக்கு நோய் இருப்பது விற்பவருக்குத் தெரியும், ஏலத்தில் எதுவும் சொல்லாமல் விற்றுவிடுகிறார். அது மோசடி அல்ல என்கிறது சட்டம். அதே பிரிவில் இன்னொரு உதாரணமும் உண்டு. "நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்கிறார், விற்பவர் சும்மா இருக்கிறார். அங்கே அவருடைய மௌனம் பேச்சுக்குச் சமம். இரண்டு குதிரைக்கும் வித்தியாசம், வாங்குபவர் வாயைத் திறந்தது மட்டும்தான்.

19-வது பிரிவு இன்னும் கறார். சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், அவர் சொல்லாமல் விட்டார் என்பதை வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவும் இதே போக்குதான்: நீங்கள் பார்த்து வாங்கிய பொருளில், பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு வியாபாரி பொறுப்பில்லை. ஆனால் மீட்டரைக் குறைத்து வைத்து "ஒரிஜினல்" என்று சொன்னால் அது மௌனம் இல்லை, பொய். அதற்கு இந்த விதிவிலக்கு அவரைக் காப்பாற்றாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் ஏமாற்றுதலுக்கான குற்றப் புகார்கூட கொடுக்கலாம்.

ஆகவே இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "மீட்டரில் உள்ள 62,000 கிலோமீட்டர் உண்மையான ஓட்டம், வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, சேஸிஸைத் தொடும் விபத்து நடந்ததில்லை, எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரித்து வேலை பார்க்கப்படவில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பியே வாங்க இருக்கிறேன். இதில் எது தவறு என்றாலும் பணம் தருவதற்கு முன் எழுத்தில் சொல்லுங்கள்." அவர் என்ன பதில் போட்டாலும், போடாவிட்டாலும், அது உங்கள் கையில் இருக்கும் சாட்சியம். அந்த போனை மாற்றும்போது உரையாடலை அழித்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். நேரில் வாய் ஓயாமல் பேசுகிறவர் இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு "போன் பண்ணுங்க சார்" என்று மட்டும் அனுப்பினால், அதிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

இனி வண்டி. 62,000 என்பதை மீட்டரைப் பார்த்து நம்பாதீர்கள். சேஸிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை வந்தபோதும் எவ்வளவு ஓடியிருந்தது என்ற பதிவு இருக்கும். பொதுவாக ஓனர் கேட்டால்தான் தருவார்கள், அதனால் அவரையே மின்னஞ்சலில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். இந்த வகைக் காரில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமில்லாமல் சாவியிலும் வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். ஸ்கேன் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் அவற்றை ஒப்பிட்டுச் சொல்வார்.

அந்த ஆண்டு 520டி-யில் இருப்பது என்47 எஞ்சின். அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும், அறுந்தால் எஞ்சினே போய்விடும். புகார் அதிகம் வந்தது 2011-க்கு முந்தைய எஞ்சின்களில்தான் என்றாலும் சோதிக்காமல் விடாதீர்கள். காலையில், முதல் நாள் இரவிலிருந்து ஸ்டார்ட் பண்ணாத வண்டியை உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். பின்பக்கமிருந்து உரசல் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நீங்கள் போய்ச் சேருவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

விபத்து, வெள்ளம் இரண்டுக்கும் ஒரு எளிய காகிதம் உண்டு: ஓனரின் கடைசி இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்று இருந்தால், அவர் தொடர்ந்து ஐந்து வருடம் சொந்த சேதத்துக்கு கிளெய்ம் வாங்கவில்லை என்று அர்த்தம். பூஜ்யமாக இருந்தால் எதற்காக என்று கேளுங்கள். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். 2015, 2023 வெள்ளங்களுக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ வண்டிகளைக் கழுவி மெருகேற்றி விற்றார்கள், ஆனால் பெல்ட்டின் உள்முனையில் படிந்த சேற்றுக் கறையைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

டெல்லி வண்டி இவ்வளவு மலிவாக வருவதற்குக் காரணம் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பத்து ஆண்டு தாண்டிய டீசல் வாகனங்கள் அங்கே ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னாளில் அதில் தளர்வுகள் வந்தாலும், அதற்குள் பழைய டீசல் காரின் விலை அங்கே சரிந்துவிட்டது. அந்தத் தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் டெல்லி ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று, இல்லாமல் இங்கே பதிவை மாற்ற முடியாது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டியின் நிலை, எத்தனையாவது ஓனர், கடன், பாக்கி அபராதம் எல்லாம் பார்க்கலாம். "ஒரே ஓனர்" அங்கேயே தெரிந்துவிடும். ஆயுள் வரியும் நீங்கள் தரும் 11 லட்சத்துக்கு அல்ல, அன்றைக்கு 40 லட்சத்தைத் தாண்டிய புது விலையை வைத்து, வயதுக்கேற்ற விகிதத்தில் போடுவார்கள். எவ்வளவு வரும் என்று திருப்பூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். 2013-ல் பதிவான வண்டிக்கு 2028-ல் 15 ஆண்டு முடிகிறது, அப்போது தகுதிச் சோதனையில் தேறினால்தான் பதிவு நீளும். இதையும் விலையில் கழியுங்கள்.

உங்களுக்கு விற்பவர் யார் என்பதுதான் நான் மிகவும் கவலைப்படும் இடம். பல கடைகளில் டெல்லி ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 தயாராக இருக்கும். பிரச்சினை வந்தால் "நான் வெறும் புரோக்கர் சார், ஓனரிடம் பேசுங்கள்" என்பார்கள். முகம் தெரியாத தனி ஆள் விற்றதாக ஆனால் நுகர்வோர் ஆணையம் போவது கஷ்டம், சிவில் வழக்குதான். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும். அதற்கான சான்றிதழ் படிவம் 29பி. ஓனர் வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு வியாபாரியே சட்டப்படி ஓனராகக் கருதப்படுவார். இரண்டையும் கேளுங்கள், கடையின் பெயரில் ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள். பில்லில் "உள்ளது உள்ளபடி விற்பனை" என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கடை விற்றதாக ஆவணம் இருந்தால் உங்கள் நிலை வலுவானது. பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 11 லட்சம் வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான்.

இதனால்தான் ஆடிட்டர் யோசனையில் எனக்குத் தயக்கம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்குக் கம்பெனி வாங்கிய கார் வணிக நோக்கம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனாலும் எதிர்த்தரப்பு அந்த வாதத்தை எடுத்தே தீரும். கம்பெனி பெயரில் வாங்கினால் தேய்மானக் கழிவால் வரியில் மிச்சமாகும் தொகையை ஆடிட்டரிடம் எழுதி வாங்கிப் பாருங்கள். சொற்பமாக இருந்தால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

முன்பணம் கேட்டால் 25,000-க்கு மேல் தராதீர்கள், அதுவும் வங்கி வழியாக. ரசீதில் "என்.ஓ.சி. வராவிட்டாலும், ஸ்கேனில் ஓட்டம் பொருந்தாவிட்டாலும் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்திலும் ரொக்கம் 2 லட்சத்தைத் தொடக் கூடாது, வருமான வரிச் சட்டத்தில் சிக்கல். வண்டி கைக்கு வந்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு வந்துவிடும், சொந்த சேதக் காப்பீடு அப்படி வராது.