விரதம் உங்களுக்கு, பூனைக்கு இல்லை

அரசு மருத்துவமனையில் 31 வருஷம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுத்த சைவம், பிரதோஷம் தவறவிட மாட்டேன், 16 வருஷமாகச் சர்க்கரையும் கூடவே இருக்கிறது. மகள் கால்நடை மருத்துவர். நாய், பூனை பற்றிய பதில்கள் அவளிடம் காட்டித் திருத்தியவை. விரதம், மருந்து, வீட்டு விலங்கு பற்றி எனக்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: அம்மா, எனக்கு வயது 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறேன். ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அன்றைக்கு மாத்திரை போடலாமா, நிறுத்தலாமா?

மாத்திரைப் பேச்சு இருக்கட்டும், தண்ணீர்கூடக் குடிக்காத அந்த விரதத்தைத்தான் முதலில் பேச வேண்டும். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைக்கிற மருந்து. வெறும் வயிற்றில் அது வேலை செய்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். எனக்கே நடந்தது. ஒரு வைகுண்ட ஏகாதசி, விடியற்காலை வரிசையில் நிற்கிறேன், கை நடுங்குகிறது, முதுகெல்லாம் வேர்க்கிறது, கண் கலங்குகிறது, பெருமாளைப் பார்க்கப்போகிற பரவசம் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மடியிலிருந்த கற்கண்டை எடுத்து வாயில் போட்டார். மருத்துவ முகாமில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தபோது 54. கற்கண்டு உள்ளே போன பிறகும் 54!

ஏகாதசியில் முக்கியமாக விலக்கச் சொல்வது தானியத்தை. பால், பழம் எடுத்துக்கொண்டு இருப்பவர்கள் ஏராளம். அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, ஒன்றுமே உண்ணாதவனுக்கும் இல்லை என்று கீதை ஆறாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், அன்றைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் விரதம் அந்த நிமிஷமே முடிந்தது.

காயல்பட்டினத்திலிருந்து: வாப்பாவுக்கு இன்சுலின். ரமலானில் விரல் குத்தினால் நோன்பு முறியும் என்று பார்க்கவே மறுக்கிறார்.

முறியாது என்பதுதான் பெரும்பாலான ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின் கருத்து, உங்கள் பள்ளிவாசல் இமாம் வாயாலேயே அவருக்குச் சொல்லவையுங்கள், நீங்களோ நானோ சொன்னால் எடுபடாது. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம், முடியவே முடியாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று குர்ஆனே இடம் கொடுக்கிறது. இன்சுலின் அளவை விடியலுக்கு முன்னால் சாப்பிடுகிற சஹருக்கும் நோன்பு திறக்கிற இஃப்தாருக்கும் எப்படி மாற்றுவது என்பதை ரமலான் பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

ஒரு சகோதரி: பாதம் எரிகிறது, வைட்டமின் பி12 குறைவாம். கொடுத்த கேப்சூலின் உறை ஜெலட்டின் என்கிறார்கள். சாப்பிட்டால் சைவம் கெடுமா?

கவுண்டரில் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். பி12-ஐ உருவாக்குவது பாக்டீரியா. ஆடும் மாடும் அதை உண்டாக்குவதில்லை, சேர்த்துவைப்பதோடு சரி. மாத்திரைக்கான பி12 நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து எடுப்பது, ஆகவே மருந்தில் தோஷம் இல்லை. உறையில்தான் விஷயம். ஜெலட்டின் என்பது மாடு, பன்றியின் எலும்பு, தோலிலிருந்து வருவது. செடியின் நார்ப்பொருளில் செய்த உறையும் உண்டு, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் உண்டு, ஊசியும் உண்டு. கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வைட்டமின் டி3-யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது. ரோமம்தானே, உயிர் போகவில்லையே என்று நான் சாப்பிடுகிறேன், உங்கள் மனசு ஒப்பாவிட்டால் பாறைப்பாசியிலிருந்து எடுத்தது கிடைக்கிறது.

ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியே போதும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 மாதிரித் தோற்றமளிக்கிற, உடம்புக்கு உதவாத சரக்கு. மெட்ஃபார்மின் பல வருஷம் போடுகிற சைவக்காரர்கள் பி12 பார்த்தே ஆக வேண்டும், நரம்பு கெட்டுப்போன பிறகு கேப்சூலின் உறையைப் பற்றிக் கவலைப்பட்டுப் புண்ணியமில்லை.

தைராய்டு மாத்திரைக்கு முன்னால் துளசித் தீர்த்தம் குடிக்கலாமா?

ஒரு உத்தரணி தீர்த்தம் ஒன்றும் செய்யாது. அதற்குப் பின்னாலேயே வருகிற டிகிரி காபிதான் வில்லன். அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நாலு மணி இடைவெளி.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்: இளநீர், பஞ்சாமிர்தம், இந்துப்பு எல்லாம் சாத்வீகம்தானே?

சாத்வீகம்தான், ஆனால் பொட்டாசியத்துக்கு அது தெரியாதே. உங்கள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால் இளநீரும் வாழைப்பழமும் இதயத் துடிப்பையே குலைக்கும். பிரசாதத்தை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள், முருகன் அளவு பார்க்கிறவர் இல்லை. இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்பேதான், நிறம்தான் வேறு. 'லோ சோடியம்' உப்பு உங்களுக்கு இன்னும் மோசம், அதில் கலப்பது பொட்டாசியம்.

பெயர் வேண்டாம் என்று ஒரு தாய்: 10 வயது மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். முன்வினை, இன்சுலினை நிறுத்திவிட்டு வைத்தீஸ்வரன் கோயிலில் ஒரு மண்டலம் இருந்தால் சரியாகும் என்கிறார் மாமியார்.

கோயிலுக்குப் போங்கள். சித்தாமிர்தக் குளத்தில் குளியுங்கள், பிரசாதமான திருச்சாந்துருண்டையும் வாங்குங்கள். பையில் இன்சுலின், ஊசி, குளுக்கோமீட்டர், சர்க்கரை எல்லாம் இருக்கட்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. அவர்களுக்காகவும் தாய்மார்கள் பிரார்த்தனை செய்திருப்பார்கள்.

முன்வினை என்பதற்கு வருகிறேன். அப்பர் சுவாமிகளுக்குச் சூலை நோய், திருவதிகைக்குப் போய்ப் பாடித் தீர்ந்தது என்பதை மாமியார் சொல்வார். சரி. ராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய், 1886-இல் அதிலேயே போனார். ரமணருக்கு இடது கையில் கட்டி, டாக்டர்கள் அறுக்கக் கையைக் கொடுத்தார், 1950 ஏப்ரலில் சித்தியடைந்தார். இவர்களை என்ன பாவி என்போமா? பையன் காதில் அந்த வார்த்தை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து வயதில் விழுந்தால் ஐம்பதிலும் அழியாது.

மயிலாப்பூரிலிருந்து: நாங்கள் சைவம், பூனைக்கும் தயிர்சாதம், பன்னீர்தான். ஒரு வருஷமாகக் கண்ணில் ஏதோ மங்கல்.

இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக்கு டாரைன் என்ற சத்து உணவிலிருந்தே வர வேண்டும், அது இருப்பது இறைச்சியிலும் மீனிலும். குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் பலூன் மாதிரி வீங்கித் தளரும். இதயப் பாதிப்புக்கு இதுதான் காரணம் என்று 1987-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத் தீவனத்தில் டாரைனைக் கூட்டினார்கள். நாய் ஓரளவு நம் மாதிரி, திட்டமிட்டுக் கொடுத்தால் சைவத்தில் வளரும், பூனையால் முடியாது. சங்கல்பம் செய்துகொண்டது நீங்கள். அது செய்யவில்லை. மீன் வாசனை தாங்காதென்றால் டின் உணவைப் பால்கனியில் வையுங்கள், என் மகளின் யோசனை அது. கூடவே இன்னொன்றும் சொல்லச் சொன்னாள்: காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை போதும் கொல்ல.

தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் வாகனம் என்று தெருநாய்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம். எங்கள் வீட்டு நாய்க்குச் சர்க்கரை நோய், அதற்கும் கொஞ்சம் வைக்கலாமா?

வீட்டு நாய்க்கு வேண்டாம். அதற்கு 12 மணிக்கொரு தரம் சாப்பாடும் இன்சுலினும் கடிகாரம் போல நடக்க வேண்டும், வெல்லத்தைக் கொடுத்தால் ஒரு வார உழைப்பு வீண். தெருநாய்களுக்கும் பொங்கலில் இருக்கிற திராட்சை ஆகாது, நாயின் சிறுநீரகத்தை அடித்துவிடும், எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்கே சொல்ல முடியாது. வெங்காயம், பூண்டும் நாய்க்கு விஷம், சிவப்பணுவை உடைக்கும். விரதச் சமையலில் நாம் தள்ளுகிற இரண்டும் பைரவருக்கும் ஆகவில்லை பாருங்கள். வெறும் சாதத்தில் அவித்த முட்டை பிசைந்து வையுங்கள், முட்டை தொட மாட்டீர்கள் என்றால் பூசணிக்காய்.

14 வயது லாப்ரடார், சிறுநீரகம் போய்விட்டது, நாலு நாளாகச் சாப்பிடவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் டாக்டர். அதன் கர்மாவை அது அனுபவிக்க விடாமல் செய்வது பாவமா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது, பக்கத்திலேயே மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும். அங்கே நின்றபோதெல்லாம் எனக்குத் தோன்றியது, மனுஷருக்குச் செய்கிற மரியாதையை இவற்றுக்கும் செய்யலாம் என்பதுதான். ஊசி பாவமா என்பதில் நம்மவர்களிடமே ஒரு கருத்து இல்லை, நானும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வலி என்னுடையதாக இருந்தால் நான் என்ன கேட்பேன் என்று யோசித்து எங்கள் நாய் மணிக்கு நாங்கள் முடிவெடுத்தோம்.

எங்கள் மணிக்கும் இதே நோய். இரண்டு வருஷம் மகள் அவனைத் தயிர்சாதம் பக்கம் போகவே விடவில்லை, அவனோ என் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசி நாள் காலையில் அவளே ஒரு ஸ்பூன் பிசைந்து எடுத்துவந்தாள். நக்கினான்.