மூணு வருஷக் கணக்கு: வேலையை விட்டு ஊருக்கு வருகிறவர்களுக்கு

வங்கியில் 23 வருஷம், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். 49 வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மும்பையிலிருந்து காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தேன். பலகாரம் போட்டு விற்கிறேன், 11 வருஷம் ஆயிற்று. நல்லாத்தானே இருந்தீங்க, ஏன் விட்டீங்க, எப்படி விட்டீங்க, நானும் விடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்கு ஜோசியம் தெரியாது, கணக்குத்தான் தெரியும்.

கேள்வி: வயது 34. சென்னையில் மென்பொருள் வேலை, மாதம் 1 லட்சத்து 40 ஆயிரம் கைக்கு வருகிறது. விட்டுவிட்டு ஊரில் தொழில் பண்ண ஆசை. எவ்வளவு சேர்த்துவிட்டு வரணும் ஆச்சி?

எவ்வளவு என்று கேட்கிறீர்கள் தம்பி, எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. அதைத்தான் முதலில் முடிவு பண்ணணும்.

நம் ஊர்ச் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித் தொழிலுக்குக் கப்பலேறியதை இப்போது வீரக்கதை மாதிரிப் பேசுகிறோம். அவர்கள் யாரும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பவில்லை. கொண்டுவிக்கப் போகிறது என்று அதற்குப் பெயர். வட்டிக்கடைக்கு மேலாளாகவோ (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளாகவோ (அவருக்கு அடுத்தவர்) போகிறவருக்குத் தவணை மூணு வருஷம். சம்பளம் இவ்வளவு என்று போகும்போதே பேச்சு, அதில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்கு வந்துவிடும். தவணை முடிந்தால் அடுத்து வருகிற ஆளிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வரணும். மறுபடி போவதா இல்லையா என்பதெல்லாம் வந்த பிறகு. என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியாதுதான், ஆனால் எத்தனை நாளைக்குத் தெரியாது என்பது தெரியும்.

அதனால் நீங்களும் மூணு வருஷம் என்று தேதி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கு 18 மாதப் பணம் ஒரு கணக்கில், தொழில் முதல் இன்னொரு கணக்கில். இதிலிருந்து அதற்கு ஒரு ரூபாய் மாறக்கூடாது. 18 மாதம் என்பது சட்டமில்லை, கடன் பிரிவில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு வந்த கணக்கு. முதல் வருஷம் தொழில் தன் செலவையே பார்த்துக்கொள்ளாது, இரண்டாவது வருஷம் பாதியில்தான் கொஞ்சம் மூச்சு வரும்.

அப்புறம், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. மருத்துவக் காப்பீடு. கம்பெனி எடுத்துக் கொடுத்தது பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு போய்விடும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏற்கனவே இருந்தால் புதுப் பாலிசியில் அதற்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். இன்றைக்கே சொந்தமாக ஒன்று எடுத்தால் காத்திருப்பு இன்றிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். வீட்டுக் கடன், வண்டிக் கடன் என்று ஏதாவது வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடியுங்கள். சொந்தத் தொழில் என்று எங்கள் மேஜைக்கு வருகிறவரிடம் இரண்டு மூணு வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்போம். அது இல்லாமல் எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவோம், அவ்வளவுதான்.

கேள்வி: தனியார் கம்பெனியில் 4 வருஷம் 3 மாதம். அடுத்த வாரமே பேப்பர் போடலாமா?

அவசரம் என்ன? 5 வருஷம் முடிந்தால் பணிக்கொடை வரும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, எத்தனை வருஷமோ அத்தனை மடங்கு. ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் கம்பெனிகள் இழுத்தடிக்கும், கோர்ட்டுக்கு அலைய உங்களுக்கு நேரம் இருக்காது. பிஎஃப் பணமும் 5 வருஷத்துக்கு முன்னால் எடுத்தால் வரி. முந்தைய வேலையின் பிஎஃபை இதற்கு மாற்றியிருந்தால் அந்த வருஷங்களும் சேரும், பாருங்கள். ஒன்பது மாதம்தானே.

கேள்வி: சிங்கப்பூரில் 14 வருஷம், பிஆர் (நிரந்தர வசிப்புரிமை). அடுத்த சித்திரையில் குடும்பத்தோடு தேவகோட்டைக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம். பண விஷயத்தில் எதைக் கவனிக்கணும்?

சித்திரையை யார் குறித்துக் கொடுத்தது? நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த ஆண்டில் இங்கே 182 நாளைத் தொட்டால் நீங்கள் இங்கே வசிப்பவர். அக்டோபர் முதல் வாரம் கழித்து வந்தால், இடையில் லீவுக்கு வந்த நாட்களையும் கூட்டி 182ஐத் தொடாமல் இருந்தால், பொதுவாக அந்த வருஷம் முழுக்க வெளிநாட்டுவாசிக் கணக்கிலேயே போய்விடும். அதற்குப் பிறகும், இத்தனை வருஷம் வெளியே இருந்தவர்களுக்கு வழக்கமாக இரண்டு வருஷத்துக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது. வந்து இறங்கிய பிறகு ஆடிட்டரைப் பார்க்காதீர்கள், டிக்கெட் போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

அங்கே சிபிஎஃப் (அந்த ஊர் பிஎஃப் மாதிரி) பணம், பிஆரை ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாகக் கிளம்பினால் முழுசாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிஆர் போனது போனதுதான், திரும்பக் கேட்டால் உடனே தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். வேலையை விடும்போது முதலாளி வரித் துறைக்குத் தகவல் சொல்லி, கணக்குத் தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார். பெட்டி கட்டுகிற மாதத்தில் கையில் காசு இருக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்ததும் என்ஆர்இ கணக்கை (வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வைக்கிற வங்கிக் கணக்கு) உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்கணும். முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மனைவிக்கு இதில் விருப்பமே இல்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள்.

என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் அடுத்தாள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதற்கப்புறம் ஏழு மாதம் வீட்டுக்கு ஒரு கடிதாசி கிடையாது. ஐயா நடந்தே வந்தார். அவர் நடந்த கதையை ஊரே சொல்லும். அப்பத்தா அந்த ஏழு மாதம் எப்படி இருந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கேட்டிருக்கிறேன். முன்பணத்தில் மிச்சமிருந்ததை நெல்லாக வாங்கி இரண்டாங்கட்டில் போட்டுவிட்டு, தினமும் எத்தனை படி அளந்தோம் என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தாராம். ஐயா வந்து நின்றபோது கால் வீங்கி, செருப்பு இல்லை. இந்த அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நெல் இன்னும் 40 நாளைக்கு இருக்கு என்று சொன்னாராம். முதல் வார்த்தையே அதுதான்.

புறப்படுகிறவருக்கு ஒரு கணக்கு இருந்தால் கூட இருக்கிறவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். உங்கள் மனைவியிடம் பேசாதீர்கள், கேளுங்கள். எத்தனை மாதத்துக்கு இருப்பு இருந்தால் தூக்கம் வரும் என்று அவர் ஒரு எண் சொல்வார். அது உங்கள் எண்ணைவிடப் பெரிசாக இருக்கும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரம்பரை வீடு, பென்ஷன் எல்லாம் இருக்கிற உங்களுக்கு இது சுலபம். விழுந்தாலும் மெத்தை. இல்லாதவன் என்ன செய்வான்?

உண்மைதான், மறுக்க மாட்டேன். எனக்குப் பென்ஷன் உண்டு, கடன் கிடையாது, மகள் வேலைக்குப் போய்விட்டாள். மூணும் இல்லாதவர் நான் செய்ததைச் செய்யக்கூடாது. வேலையில் இருந்துகொண்டே சனி ஞாயிறில் தொழிலை ஆரம்பித்துப் பார்க்கட்டும். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

வீட்டைப் பற்றி மட்டும் சொல்லணும். அதில் எனக்கு 18இல் ஒரு பங்கு. விற்க 18 கையெழுத்து வேண்டும், அதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லை. மெத்தைதான், ஆனால் ஆளுக்கு ஒரு முழம். பர்மாவில் நம்மவர்கள் கையில் இருந்ததும் மெத்தை மாதிரித்தான் இருந்தது. 1930இல் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுக்க, 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பெயரில். கடனாகப் போன பணம் சேறாகத் திரும்பி வந்தது என்பார் ஐயா. அதுவும் யுத்தம், 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1963இல் வங்கிகள் நாட்டுடைமை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று.

கேள்வி: வந்த முதல் நாள் பயமாக இருந்ததா?

முதல் நாள் இல்லை, ஐந்தாவது மாதம். ஐப்பசி. ஒரு கல்யாணத்துக்கு 12 கிலோ மனகோலம் (வெல்லப் பாகில் புரட்டுகிற பலகாரம்) ஆர்டர், எனக்கு அதுவரை வந்ததிலேயே பெரிசு. மனகோலத்தில் எல்லாமே பாகுதான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கணும், அதுவரைக்கும் அடுப்பைவிட்டு நகரக்கூடாது. அந்த நேரம் பார்த்துப் போன். கூட வேலை பார்த்தவள், எனக்கு இரண்டு வருஷம் இளையவள், உதவிப் பொது மேலாளர் ஆகிவிட்டாளாம். சந்தோஷம், வாழ்த்துகள் என்று சொல்லிக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டேன். ஒரு நிமிஷம், அதிகம் போனால் ஒன்றரை நிமிஷம் முன்னால்.

சாயங்காலம் பார்த்தால் எல்லாம் நமத்துப் போய்க் கிடக்கிறது, அள்ளினால் கையோடு வருகிறது, வாயில் போட்டால் பல்லைவிட்டு நகராது. வெளியே நல்ல மழை, வளவில், வீட்டு நடு முற்றத்தில், நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. தூணில் சாய்ந்துகொண்டு, அந்தப் பதவிக்கு என்ன சம்பளம், வீட்டு வாடகைப் படி எவ்வளவு என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன் போல. கூட வேலை பார்க்கிற அக்கா வந்து, பாகு மறுபடி வச்சுக்கலாம் ஆச்சி, முதல்ல அந்தப் போனை உள்ளே வைங்க என்றார்.

வெறுங்கையோடு நிற்போமோ என்ற பயத்துக்கு ஏற்கனவே பணம் ஒதுக்கி வைத்திருந்தேன். நான் இல்லாமலே அந்த இடம் நன்றாக நடக்கிறது என்று தெரிகிற நாளுக்கு எதுவும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. இப்போதும் பாகு வைக்கும்போது போன் தள்ளி, பட்டாலைக் கூடத்தில் கிடக்கும்.

கேள்வி: அப்பச்சிக்கு (என் அப்பா) 71. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக. கோயம்புத்தூருக்கு வரச் சொன்னால் பிடிவாதம். என்ன சொல்லிக் கூட்டிவருவது?

பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். நீங்கள் வேலையை விட யோசிப்பதற்கு எடுத்துக்கொள்கிற வருஷங்களில் ஒரு மாதமாவது அவருக்குக் கொடுங்கள். கல்யாணம் ஆனதும் நம் வீடுகளில் வேறு வைப்பார்கள், அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, ஒரு வருஷத்துக்கு அரிசி பருப்பு கொடுத்து. பிரிந்தும் பிரியாமல். அதே மாதிரி அவரை அங்கே வேறு வையுங்கள். உங்கள் வீட்டு மூலையில் ஒரு அறை என்று இல்லாமல், முடிந்தால் அதே தெருவில் சின்னதாகத் தனி வீடு, அவருக்கென்று ஒரு அடுப்பு, அவர் காபி அவர் போட்டுக்கொள்ளட்டும். முதல் தடவை மூணு மாதம் மட்டும். ஊர் வீட்டைப் பூட்டாதீர்கள், விளக்கேற்ற ஆள் போடுங்கள். கோயிலில் புள்ளி (குடும்பக் கணக்கு) அவர் பெயரில்தான் இருக்கும், ஊர்க்கூட்டத்துக்கு வண்டி வைத்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன் என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள்.

அதற்கு மேலும் வரவில்லை என்றால், விட்டுவிடுங்கள். அவர் பார்க்காத கணக்கா.

கேள்வி: மூணு வருஷம் முடிந்து நஷ்டம் என்றால்?

எனக்கே நஷ்டம்தான். மூணாவது பங்குனியில் கணக்கு முடித்தபோது 2 லட்சத்து 10 ஆயிரம் கையைக் கடித்திருந்தது. எங்கே போயிற்று என்று பார்த்தால் முக்கால்வாசியும் காரைக்குடியில் வாடகைக்கு எடுத்த கடை. வாங்க வருகிறவர்கள் போனில் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள், கடை யாருக்கு? மூடினேன். மனகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் மூணு மட்டும், ஆர்டர் வந்தால் மட்டும். நாலாவது வருஷம் நேராயிற்று. நேராகாமல் இருந்திருந்தால் மதுரையில் ஏதாவது ஒரு நிதி நிறுவனத்தில் வேலை கேட்டிருப்பேன், விண்ணப்பம்கூட எழுதி வைத்திருந்தேன்.

கேள்வி: அடுத்த மாதம் வந்து இறங்குகிறோம். பழைய வீடு, ஓட்டுக் கூரை. முதலில் என்ன வாங்கணும் ஆச்சி?

ஏணி. மூங்கில் ஏணி போதும். ஐப்பசிக்கு முன்னால் ஓட்டின் மேல் ஏறிப் பார்த்துவிடுங்கள், மாடியில் வௌவால் இருக்கும், கத்தாதீர்கள்.