பில்ட் டூல் எல்லா மெஷின்லயும் ஓடணுமா?

கேள்வி: அண்ணே, சி++ல ஒரு பில்ட் டூல் (கோட ஓடுற புரோகிராமா கட்டித் தர்ற டூல்) எழுதிருக்கேன், என் உபுண்டு லினக்ஸ் 22.04ல ஜோரா ஓடுது, தேவகோட்டை ஃப்ரெண்டோட 18.04ல தொறக்கவே மாட்டேங்குது. விண்டோஸ், மேக்குக்கும் குடுக்கணும், என்ன செய்ய?
- வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, கோட்ல தப்பில்ல. ஜிலிப்சிங்குற அடிப்படை லைப்ரரி 22.04ல 2.35, 18.04ல 2.27, அதனால புதுசுல கம்பைல் பண்ணது பழசுல "நாட் ஃபவுண்ட்"னு நின்னுரும், ஆனா பழசுல பண்ணது புதுசுல பெரும்பாலும் ஓடிரும். அதனால டாக்கர்ல (தனிப் பெட்டிக்குள்ள வேற சிஸ்டம் மாதிரி ஓட்ட உதவுற டூல்) ஒரு 18.04 கண்டெய்னர், அதாவது அந்தப் பெட்டி, போட்டு அதுக்குள்ள பில்ட் பண்ணுங்க, சி++ லைப்ரரிய ஸ்டேட்டிக்கா லிங்க் பண்ணிருங்க (உங்க ஃபைலுக்குள்ளயே சேத்துருங்க), பாதி தலைவலி போயிரும்.

மேக்ல இன்டெல் ஒண்ணு, 2020ல வந்த எம்1 வகை ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனியா பில்ட் பண்ணி லைப்போங்குற ஆப்பிள் டூல் வச்சு ஒரே ஃபைலா சேத்துக்கலாம். சைன் பண்ணி (டிஜிட்டல் கையெழுத்து போட்டு) நோட்டரைஸ் பண்ணலைன்னா (ஆப்பிள்கிட்ட சரிபாக்க வைக்கலைன்னா) டவுன்லோட் பண்றவங்கள மேக்கோட பாதுகாப்பு வசதியான கேட்கீப்பர் தடுத்துரும்.

விண்டோஸ்ல தான் ரொம்ப கவனமா இருக்கணும், சாதாரணமா பாத் (ஃபோல்டர், ஃபைல் பேரெல்லாம் சேந்த முழு முகவரி) 260 எழுத்துக்கு மேல போனா பல டூல் மக்கர் பண்ணும். "ஆத்தங்குடி டைல்ஸ்"னு தமிழ்லயே, நடுவுல ஸ்பேஸோட ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள ஓட்டிப் பாருங்க, அதுல ஓடுனா தைரியமா வெளிய விடுங்க.