உறுதிப்பூசுதல் இல்லாமல் திருமணம் நடக்குமா?

கேள்வி: புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியதற்குப் பிறகு நாங்கள் அடிக்கடி ஊர் மாறியதால் என் மகளுக்கு உறுதிப்பூசுதல் (திருமுழுக்கு எனும் ஞானஸ்நானம் பெற்றவரை ஆயர் தைலம் பூசி உறுதிப்படுத்தும் கத்தோலிக்க அருளடையாளம்) விட்டுப்போயிற்று. இப்போது திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. உறுதிப்பூசுதல் பெறாதவர்களுக்குக் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். இந்த வயதில் பெற முடியுமா? நானே ஞானத்தாயாக, அதாவது சடங்கில் அவளுக்குத் துணையாக, நிற்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உறவினர்கள் சொல்வது பாதிதான் சரி. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, உறுதிப்பூசுதல் பெறாத கத்தோலிக்கர்கள் பெரும் இடையூறின்றி இயலுமானால் திருமணத்துக்கு முன்பே அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது (எண் 1065). பெறாதவர்களின் திருமணம் செல்லாது என்று கூறவில்லை. அதற்காக இதைத் திருமணக் கோப்பில் குறைகிற ஒரு தாளாக மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

சமாரியாவில் திருமுழுக்குப் பெற்றிருந்தவர்களிடம் எருசலேமிலிருந்து பேதுருவும் யோவானும் சென்று, இறைவனிடம் வேண்டி, அவர்கள்மேல் கைகளை வைத்தபோது அவர்கள் தூய ஆவியைப் பெற்றார்கள் என்று திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. திருத்தூதர்களின் வழிவரும் ஆயர் இன்றும் அதையே செய்கிறார்: கைகளை விரித்து மன்றாடியபின், ஒலிவ எண்ணெயில் நறுமணப் பொருள் கலந்து தாமே அர்ச்சித்த கிறிஸ்மா தைலத்தைப் பெருவிரலால் தொட்டு நெற்றியில் சிலுவை வரைகிறார், ஞானத்தாயோ ஞானத்தந்தையோ வலக்கையை அந்தப் பிள்ளையின் தோள்மேல் வைத்து நிற்கிறார்.

வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு இது என்று பலர் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் எனக்கு நிறைவளிப்பதில்லை. சீரோ மலபார் உள்ளிட்ட கீழைத் திருச்சபைகளில் கைக்குழந்தைக்கே திருமுழுக்கோடு சேர்த்து இதை அளிக்கிறார்கள். குழந்தை எதை அறிக்கையிடும்? இங்கே முதலில் செயல்படுபவர் இறைவன்தான். திருமுழுக்கில் தொடங்கிய அருளை அவர் நிறைவாக்கி அழியாத முத்திரை இடுவதால், வாழ்நாளில் ஒருமுறைக்குமேல் இதைப் பெற இயலாது. நம் இலத்தீன் (மேலைத் திருச்சபை) முறையில் புதுநன்மைக்குப் பின் இது வரும் வழக்கம் பரவலானதற்கு, 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் புதுநன்மைக்கு ஏழு வயதளவே போதும் என்று வகுத்தது ஒரு முக்கியக் காரணம்.

எனவே வயது தடையே அல்ல. பங்குத்தந்தையிடம் திருமுழுக்குச் சான்றிதழோடு சென்று பேசுங்கள். ஆயரின் வருகை உடனடியாக இல்லையென்றால், அருகிலுள்ள பங்கில் பெறவோ, ஆயரின் அதிகாரம் பெற்ற குரு வழங்கவோ வழியுண்டு. மகள் சிறிது மறைக்கல்வி பெற்று, ஒப்புரவு அருளடையாளத்தோடு (பாவசங்கீர்த்தனம்) தயாராகட்டும். தாயான நீங்கள் ஞானத்தாயாக நிற்கச் சட்டம் இடம் தருவதில்லை. பொதுவாகப் பதினாறு வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற, விசுவாசத்துக்கேற்ப வாழும் கத்தோலிக்கர் வேண்டும். திருமுழுக்கில் நின்ற ஞானத்தாயே வந்தால் மிகவும் நல்லது.

கேள்வி: உறுதிப்பூசுதலின்போது ஆயர் கன்னத்தில் அறைவார் என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: பாட்டி காலத்தில் உண்மை. கிறிஸ்துவுக்காகத் துன்பப்படவும் துணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக, 'உனக்குச் சமாதானம்' என்று சொல்லிக்கொண்டே ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டுவார். 1971-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட புதிய சடங்குமுறையில் அந்தத் தட்டு நீங்கியது, சமாதான வாழ்த்து மட்டும் தொடர்கிறது.