கரிமணல் நம்மிடம் இருந்தும் காந்தத்துக்கு ஏன் சீனாவிடம் போகிறோம்? குமரி மக்கள் தடுப்பதுதான் காரணமா?

கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வரி இல்லாவிட்டால் பேசாமல் போயிருப்பேன்.

தக்கலையில் மின் ஸ்கூட்டர் பழுது பார்க்கிறேன், சொந்த ஊர் மணவாளக்குறிச்சி பக்கம். அப்பா பல வருடம் அங்குள்ள கனிம மணல் ஆலைக்கு மணல் அள்ளும் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். அதனால் 'வளர்ச்சிக்கு எதிரி' என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தக் கூலியில்தான்.

2025 மே மாதம் ஒரு டீச்சரம்மாவின் வண்டி கடைக்கு வந்தது. தினமும் கடலோரத்தில் ஓடியது, உப்பு ஈரம் ஏறி மோட்டாருக்குள் துரு. சக்கரத்தின் உள்வளையத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் காந்தத் துண்டுகளில் நாலைந்து கழன்று நொறுங்கிக் கிடந்தன. புது மோட்டார் கேட்டால் ஸ்டாக் இல்லை, சீனாவிலிருந்து காந்தம் வரவில்லை என்றார்கள். ஏப்ரலில்தான் சீனா 7 அரியமண் தனிமங்களின் (rare earths, இந்த மாதிரிக் காந்தங்களுக்கு வேண்டிய உலோக வகை) ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. அந்த ஒரு மோட்டார் தாமதமானது அதனால்தானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். ஆனால் டீச்சரம்மாவிடம் திட்டு வாங்கியது நான். வாரண்டி வேலைக்குக் கம்பெனி தர வேண்டிய கூலியும் மாதக்கணக்கில் வராது, போன் செய்தால் எடுக்கமாட்டார்கள். சின்ன மெக்கானிக் என்றால் யாருக்கும் கணக்கே இல்லை. சரி, அதை விடுங்கள்.

அன்று அப்பா கடைக்கு வந்திருந்தார். உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, "இது நம்ம மணல்ல உள்ளதா மக்களே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் காந்தத்தில் இருக்கும் நியோடிமியம் என்ற அரியமண் உலோகம், எங்கள் கடற்கரைக் கரிமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்திலும் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் மணல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் யார் தடுத்தார்கள்?

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன், நான் விஞ்ஞானி இல்லை. மணலை அள்ளி மோனசைட்டைப் பிரிப்பது முதல் படி. அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதால் எல்லாம் அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது. ஒடிசாவின் சத்ரப்பூரிலும் கேரளத்தின் ஆலுவாவிலும் அரியமண்ணைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு மேல்தான் சிக்கல். அப்படிக் கிடைக்கும் ஆக்சைடை உலோகமாக்கி, கலவையாக்கி, பொடித்து, அழுத்திச் சுட்டுக் காந்தமாக்கும் தொழில் இங்கே பெரிய அளவில் வளரவே இல்லை. சீனா அதைப் பல வருடம் பொறுமையாகக் கட்டியது. சூடு தாங்கும் காந்தத்துக்குச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் போன்றவை நம் மணலில் எடுக்கும் அளவுக்கு இல்லை, ஆக எவ்வளவு தோண்டினாலும் அதற்கு வெளியேதான் போக வேண்டும்.

2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கம், நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டம். இரண்டையும் மனதார வரவேற்கிறேன். என் கடைக்கே நல்லது.

ஆனால் கிள்ளியூர் வட்டாரத்தில், கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை பக்கமெல்லாம் சேர்த்து 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் வந்ததே, அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1-ல் நடக்க இருந்தது, எதிர்ப்பால் தள்ளிப்போனது. மறு வருடம் செப்டம்பரில், இந்த மாதிரிக் கனிமத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டுவிட்டது. 2004 சுனாமியில் பிணங்களை அடுக்கி வைத்துப் பார்த்த கரை இது. மணல் போனால் கடல் எங்கே வந்து நிற்கும் என்று கேட்க அந்த மக்களுக்கு ஒரு கூட்டமாவது வேண்டாமா?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. 'உள்ளூர் எதிர்ப்பு' என்று ஒரு வரி எழுதுவதாக இருந்தால், நம்மிடம் இல்லாத காந்த ஆலைகளை அதற்கு முன்னால் எழுதுங்கள்.