இரண்டு உறை, ஒரு கையெழுத்து, 19 தேர்வாளர்கள்: பென்சில்வேனியாவில் உங்கள் முதல் ஓட்டு

கேள்வி: நியூ ஜெர்சியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்டிக்கு (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) குடிவந்திருக்கிறோம். எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது; கணவருக்கு இன்னும் கிரீன் கார்டுதான். 2028 அதிபர் தேர்தலில் முதல் முறையாக வாக்களிக்கப் போகிறேன். "இங்கே ஒரு ஓட்டு, அங்கே நூறு ஓட்டுக்குச் சமம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? தபாலில் அனுப்புவதா, நேரில் போவதா? 2020ல் இரவு முழுக்க ஒருவர் முன்னிலையில் இருந்தார், நான்கு நாள் கழித்து வென்றவர் வேறொருவர். அதில் தில்லுமுல்லு ஏதும் உண்டா?

பதில்: நூறு ஓட்டு என்பது விருந்துக்கு வந்த இடத்தில் பேசுகிற கணக்கு. அப்படி எந்த வாய்ப்பாடும் கிடையாது. ஆனாலும் உங்கள் நண்பர்கள் வெறுமனே சொல்லிவிடவில்லை.

அமெரிக்க அதிபரை நாட்டின் மொத்த வாக்குகள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் 538 தேர்வாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 270 பேர் கிடைத்தால் வெற்றி. பென்சில்வேனியாவின் பங்கு 19. பிரதிநிதிகள் சபையில் அதற்குள்ள 17 இடங்களும் செனட்டில் உள்ள இரண்டும் சேர்ந்த கணக்கு அது. மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும், மாநிலத்தில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அத்தனை தேர்வாளர்களும். அதாவது மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. நியூ ஜெர்சிக்கு 14 தேர்வாளர்கள் உண்டு. 1992 முதல் அவர்கள் தவறாமல் ஜனநாயகக் கட்சிப் பக்கமே போகிறார்கள். 2024ல் அங்கேயும் இடைவெளி சுமார் 6 சதவீதப் புள்ளிகளாகச் சுருங்கியது என்பது உண்மை. ஆனாலும் பென்சில்வேனியாவின் கணக்கே வேறு.

2016ல் டிரம்ப் இங்கே வென்றது 44,292 வாக்குகளில். 2020ல் பைடன் வென்றது 80,555 வாக்குகளில். 2024ல் டிரம்ப் மீண்டும் வென்றார். வித்தியாசம் சுமார் 1,20,000. கடைசி இரண்டு தேர்தல்களிலும் பதிவான மொத்த வாக்குகள் ஏறக்குறைய 70 லட்சம். 2008 முதல் 2024 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் பென்சில்வேனியாவை வென்றவரே வெள்ளை மாளிகைக்குப் போனார். 2024ல் இரு தரப்பும் விளம்பரத்துக்கு மிக அதிகமாகப் பணம் கொட்டிய மாநிலமும் இதுதான். அக்டோபரில் உங்கள் தபால் பெட்டி அட்டைகளால் நிரம்பி வழிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்படி எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலத்தை "ஊசலாடும் மாநிலம்" என்கிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மக்கள் இப்படியும் அப்படியும் மனம் மாறிக்கொண்டே இருப்பது போன்ற ஒரு சித்திரத்தை அது தருகிறது. பென்சில்வேனியாவில் பெரும்பாலோர் அசைவதே இல்லை. பிலடெல்பியா நகரில் பத்தில் எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். தெற்கு எல்லையில் உள்ள சின்னஞ்சிறு ஃபுல்டன் கவுண்டியில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் டிரம்புக்குப் போடுகிறார்கள். இரண்டு தட்டிலும் பாறாங்கல் வைத்த தராசு இது. பாறைகள் நகர்வதில்லை, மேலே தூவுகிற கைப்பிடி மணல்தான் முள்ளைச் சாய்க்கிறது. அந்த மணலில் மனம் மாறியவர்களும் உண்டு, வாக்களிக்க வராமல் வீட்டில் இருந்துவிட்டவர்களும் உண்டு, வாக்களித்தும் செல்லாமல் போனவர்களும் உண்டு. கடைசி வகையைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேசப் போகிறேன்.

அதற்கு முன் கவுண்டிகளைப் பற்றிக் கொஞ்சம். மாநிலத்தில் 67 கவுண்டிகள் இருந்தாலும், தேர்தல் இரவில் நிபுணர்கள் முதலில் தேடுவது இரண்டின் பெயரை: வடமேற்கு மூலையில் ஏரிக்கரையில் இருக்கும் ஈரி, கிழக்கு எல்லையில் இருக்கும் நார்த்தாம்ப்டன். இரண்டும் ஒபாமாவுக்கு இரு முறையும், பிறகு டிரம்புக்கும், பிறகு பைடனுக்கும், மறுபடி டிரம்புக்கும் வாக்களித்தவை. நார்த்தாம்ப்டனில்தான் பெத்லஹேம் ஸ்டீல் என்ற மாபெரும் எஃகு ஆலை இருந்தது. ஊதுலைகள் இன்னும் துருப்பிடித்து நிற்கின்றன. ஆலை நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது சூதாட்ட விடுதி நடக்கிறது. தாத்தா எஃகு உருக்கிய இடத்துக்குப் பக்கத்தில் பேரன் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். தொழிற்சங்கக் குடும்பங்கள் பரம்பரையாகப் போட்டு வந்த கட்சியை விட்டு நகர்ந்ததற்கு இதுபோன்ற ஊர்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

உங்கள் செஸ்டர் நேர் எதிர்த்திசையில் போன கவுண்டி. 2012ல் மயிரிழையில் குடியரசுக் கட்சியின் ராம்னிக்குப் போட்டது; 2016 முதல் ஜனநாயகக் கட்சியின் பக்கம். மருந்து நிறுவனங்களும் மென்பொருள் வேலைகளும் பட்டதாரிகளும் நிறைந்த பிலடெல்பியாவின் புறநகர் வளையம் அது. அதே வளையத்தில் உள்ள பக்ஸ் கவுண்டியோ 2024ல் டிரம்பிடம் போனது. 1988க்குப் பிறகு ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு அது கிடைத்தது அப்போதுதான். ஆகவே ஒரு கவுண்டியை யார் வென்றார் என்று மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவில் வென்றார் என்று பாருங்கள். 2024ல் பிலடெல்பியாவையும் செஸ்டரையும் கமலா ஹாரிஸ்தான் வென்றார். ஆனால் பைடனுக்கு இருந்த அளவு இடைவெளி அவருக்குக் கிடைக்கவில்லை. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஊரில், கோயிலில் பூஜை நடந்துகொண்டிருந்தபோது தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தவை இந்தச் சின்னச் சின்னக் குறைவுகள்தான்.

இப்போது உங்கள் நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன்.

ஊரில் இருப்பீர்கள் என்றால் நேரில் போங்கள். இது என் திட்டமான கருத்து. வாக்குச்சாவடி காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும்; 8 மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் உங்களை அனுப்பிவிட முடியாது. ஒரு சாவடியில் முதல் முறை வாக்களிப்பவர் மட்டும் அடையாளம் காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம் போதும். அது இல்லாவிட்டால் முகவரியுள்ள மின்கட்டண ரசீதோ வங்கி அறிக்கையோ கூடச் செல்லும். தாளில் தவறாகக் குறித்துவிட்டால் அங்கேயே வேறு தாள் கேட்டு வாங்கலாம். தபாலில் அந்த வசதி உங்கள் மேசைக்கு வராது. இன்னொன்று: ஒரே குறியில் கட்சி முழுவதற்கும் போடும் பழைய வழியை 2019ல் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

வெளியூர்ப் பயணமோ வேலையோ குறுக்கிட்டால் தபால் வாக்கு இருக்கிறது. அதே 2019ஆம் ஆண்டுச் சட்டம் காரணம் எதுவும் சொல்லாமலே அதைக் கேட்டு வாங்கலாம் என்று ஆக்கிவிட்டது. விண்ணப்பம் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நிரப்பிய வாக்கு, தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுண்டி அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும். தபால் முத்திரையின் தேதி இங்கே எடுபடாது. முந்தின நாள் அஞ்சலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மோசம் போவது உறையில்தான். இரண்டு உறைகள் வரும். வாக்குச்சீட்டை முதலில் ரகசிய உறையில் வைத்து ஒட்ட வேண்டும். அதை வெளியுறையில் வைத்து, அதன் பின்புறம் கையெழுத்திட்டுத் தேதி எழுத வேண்டும். உள்ளுறை இல்லாமல் வருகிற சீட்டை "நிர்வாண வாக்கு" என்றே இங்கே அழைக்கிறார்கள்; அதை எண்ணக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020ல் தீர்ப்பளித்தது. தேதி விஷயம் பல ஆண்டுகளாக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் உங்களுக்கு என்ன? எழுதிவிடுங்கள், சண்டை வேறு யாருக்காவது இருக்கட்டும். ஆனால் கவனம்: பிறந்த தேதியை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நம்மவர்களுக்குத் தனியாக ஒரு கண்ணி வேறு இருக்கிறது. நாளை முதலில் எழுதிப் பழகிய கை நமக்கு. அமெரிக்கப் பெட்டியில் மாதம்தான் முதலில். தேர்தலுக்குத் தேர்தல் ஆயிரக்கணக்கான வாக்குகள் இப்படிப்பட்ட காரணங்களால் ஒதுக்கப்படுகின்றன. 44,292 என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள்.

குறையோடு வந்த உறையை வாக்காளர் சரிசெய்ய விடுவதா வேண்டாமா என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அந்த முடிவை எடுப்பவர்கள் கவுண்டி ஆணையர்கள், அவர்களும் தேர்ந்தெடுக்கப்படுபவர்களே. ஆகவே 2028 வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ஏதோ ஒரு தேர்தல் நடக்கிறது. கூட்டமில்லாத ஒரு தேர்தலில் ஒரு முறை போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

தபால் சீட்டு கேட்டு வாங்கிவிட்டு, பிறகு நேரில் போடலாம் என்று மனம் மாறினால், வெளியுறை உட்பட எல்லாவற்றையும் சாவடிக்குக் கொண்டுபோய் ஒப்படையுங்கள்; வழக்கமான வாக்கே போடலாம். வெறுங்கையோடு போனால் தற்காலிக வாக்குதான் கிடைக்கும். அது எண்ணப்பட நாளாகும். தபாலை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி, வெஸ்ட் செஸ்டரில் உள்ள கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சீட்டு கேட்டு வாங்கி, அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடுவது. கடைசி நாட்களில் வரிசை நீளும், முன்னதாகப் போங்கள்.

2020 இரவைப் பற்றிய கேள்விக்குப் பதில்: தில்லுமுல்லு இல்லை, உறை திறக்கும் நேரம்தான் காரணம். பென்சில்வேனியா சட்டப்படி தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் ஒரு தபால் உறையையும் பிரிக்கக் கூடாது. கோவிட் ஆண்டில் வந்தவை சுமார் 26 லட்சம். தபால் வாக்கை நம்பாதீர்கள் என்று டிரம்ப் தம் ஆதரவாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததால், அந்த உறைகளில் பெரும்பகுதி பைடனுடையவை. நேரில் போட்டவை முதலில் எண்ணப்பட்டன. மறுநாள் அதிகாலையில் டிரம்ப் ஆறு லட்சத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தார். பிறகு உறைகள் பிரியப் பிரிய அது கரைந்தது. நவம்பர் 3 செவ்வாயன்று நடந்த தேர்தலின் முடிவை 7ஆம் தேதி சனிக்கிழமை நண்பகலுக்கு முன் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. தொடுத்த வழக்குகள் முடிவை மாற்றவில்லை. சட்டமன்றம் நினைத்தால் சில நாட்கள் முன்னதாக உறைகளைப் பிரிக்க அனுமதித்து இந்தக் குழப்பத்தையே தவிர்க்கலாம், புளோரிடா செய்கிறது. இங்கே இரு கட்சிகளுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. இந்த ஒரு பிடிவாதம் நாட்டுக்கு எவ்வளவு வதந்தியைக் கொடுத்தது என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

2024ல் தபால் வாக்குகள் குறைவு. குடியரசுக் கட்சியும் தன் ஆட்களைத் தபாலில் போடச் சொன்னது. 2022ல் வந்த சட்டத்தின்படி, மாநில நிதி பெறும் கவுண்டிகள் எண்ணத் தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக் கூடாது. அதனால் அன்று நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. 2028 இரவில் தொலைக்காட்சியில் சதவீதத்தைப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். எந்தக் கவுண்டியில், எந்த வகை வாக்கு பாக்கி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வித்தியாசம் அரை சதவீதமோ அதற்குள்ளோ வந்தால் தானாகவே மறு எண்ணிக்கை. 2024 செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மெக்கார்மிக்குக்கும் ஜனநாயகக் கட்சியின் கேசிக்கும் இடையே சுமார் 15,000 வாக்குகளே இருந்ததால் அந்த நிலை வந்தது. கேசி பாதியில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பதிவு செய்யும்போது கட்சி எது என்று கேட்பார்கள். எந்தக் கட்சியும் இல்லை என்றும் குறிக்கலாம். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் வசந்த காலத்தில் நடக்கும் வேட்பாளர் தேர்வில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே வாக்கு.

கடைசியாக, உங்கள் கணவர். கிரீன் கார்டு உள்ளவர் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. தவறுதலாகக் கையெழுத்திட்டால்கூடப் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கலாகும். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளர் பதிவு தானாகவே முன்வைக்கப்படுகிறது; திரையில் அந்தக் கேள்வி வந்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் தபால் வாக்கை அவர் கையில் கொடுத்தனுப்பவும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு எழுத்துமூல விலக்கு உண்டு. மற்றபடி மனைவியின் உறையைக் கணவர் கொண்டுபோய்ப் போடுவதுகூட இந்த மாநிலத்தில் சட்டவிரோதம். 2028 தேர்தல் நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. அதற்கு 15 நாள் முன்பு, அக்டோபர் 23 அன்று, பதிவு முடிகிறது. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பாவது குடிமகனாகி இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆக, அக்டோபர் முதல் வாரத்துக்குள் அவருடைய உறுதிமொழிச் சடங்கு முடிந்துவிட்டால், அவருக்கும் அதே சாவடியில் ஒரு சீட்டு உண்டு.